பெர்லினில் இரவு உலா: முதல் முறை போகிறவர்களுக்கு 23 குறிப்புகள்

வேலை நிமித்தமாகவோ, அங்கே படிக்கும் பிள்ளையைப் பார்க்கவோ பெர்லின் போகும் நம்மவர்கள் பலர், பகல் முழுக்க பிராண்டன்பர்க் வாயில், அருங்காட்சியகத் தீவு என்று சுற்றிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த நகரத்தின் பாதி அழகு எட்டு மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. குடிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் மட்டும் உரியது அந்த இரவு என்று நினைக்க வேண்டாம். மது தொடாதவர்கள், பெற்றோருடன் போகிறவர்கள், தனியாகப் போகும் பெண்கள் என்று எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. சில நடைமுறைகள் மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

1. பெர்லின் இரவு தாமதமாகத் தொடங்கும். இத்தனை மணிக்குக் கடையை மூடு என்ற கட்டாயத்தை மேற்கு பெர்லினில் 1949-லேயே எடுத்துவிட்டார்கள். நகரம் நான்கு நாடுகளின் பிடியில் இருந்த காலம் அது. மேற்குப் பகுதியும் கிழக்குப் பகுதியும் மதுக்கடைகளை அதிக நேரம் திறந்துவைப்பதில் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஹைன்ஸ் செல்லர்மையர் என்ற ஓட்டல்காரர் அமெரிக்கத் தளபதி ஃபிராங்க் ஹவ்லியை நேரில் பார்த்துப் பேசி, நேரக் கட்டுப்பாட்டையே நீக்க வைத்தார். அதன் பலனை இன்றும் பார்க்கலாம். கிளப்புகளில் பத்து மணிக்குப் போனால் கதவே திறந்திருக்காது. நள்ளிரவுக்குப் பிறகுதான் கூட்டம் சேரும். சில இடங்களில் சனிக்கிழமை இரவு தொடங்கிய ஆட்டம் திங்கட்கிழமை காலை வரை நீளும். ஆகவே மாலையில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் வந்து இறங்கிய அன்றே இரவு உலா வேண்டாம். மறுநாள் போனால் நின்று ரசிக்கத் தெம்பு இருக்கும்.

2. எங்கே போவது என்பதற்கு முன், எப்படித் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஊ-பான் எனப்படும் சுரங்க ரயில் வெள்ளி, சனி இரவுகளிலும் அரசு விடுமுறைக்கு முந்தைய இரவிலும் விடிய விடிய ஓடும். ஊ-4 என்ற குட்டித் தடத்தைத் தவிர மற்றவற்றில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். எஸ்-பான் என்னும் புறநகர் ரயில்களும் அந்த இரவுகளில் உண்டு. ஞாயிறு முதல் வியாழன் வரை கதை வேறு. ஏறக்குறைய ஒரு மணியிலிருந்து நாலரை மணி வரை சுரங்க ரயில் கிடையாது. அப்போது அதே தடங்களை ஒட்டி, எண்ணுக்கு முன்னால் 'என்' என்ற எழுத்துடன் இரவுப் பேருந்துகள் ஓடும். ஊ-8 தடத்துக்கு என்-8 பேருந்து என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு பேருந்துதான் வரும். 'எம்' என்று தொடங்கும் டிராம்களும் பேருந்துகளும் இரவு முழுக்க உண்டு. நகரப் போக்குவரத்தை நடத்தும் பி.வி.ஜி. நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிவிட்டால் எந்த நேரத்துக்கு எந்த வண்டி என்று தெரிந்துவிடும்.

தங்குமிடம் தேடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் அறையைவிட, ஊ-பான் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கும் அறை சற்றுக் கூடுதல் வாடகை என்றாலும் லாபம்தான். மிச்சம் பிடித்த பணம் இரண்டு டாக்ஸி சவாரியில் போய்விடும்.

3. காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. நடைமேடையில் இருக்கும் சிறிய பெட்டிக்குள் நுழைத்து நேர முத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் செல்லாது. சாதாரண உடையில் பரிசோதகர்கள் நள்ளிரவிலும் ஏறுவார்கள். அபராதம் 60 யூரோ. வெளிநாட்டுக்காரர், தெரியாது என்று சொன்னால் விடமாட்டார்கள். நகருக்குள் சுற்ற ஏ-பி மண்டல டிக்கெட் போதும். விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால் அங்கே போக ஏ-பி-சி டிக்கெட் வேண்டும்.

4. டாக்ஸிகள் வெளிர் மஞ்சள் கலந்த தந்த நிறத்தில் இருக்கும். தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி, இரண்டு கிலோமீட்டருக்குள் போவதாக இருந்தால், வண்டி நகரும் முன்பே 'குர்ட்ஸ்ஸ்ட்ரெக்கே' என்று சொல்லுங்கள். குறுந்தூரத்துக்கான நிலையான கட்டணம் மட்டும் வாங்குவார்கள். மீட்டர் ஓடத் தொடங்கியபின் கேட்டால் கிடைக்காது. டாக்ஸி நிலையத்திலிருந்து ஏறினாலும், போனில் அழைத்தாலும் இந்தச் சலுகை இல்லை.

5. வாடகை வீட்டில் தங்குகிறீர்களா? கிளம்பும் முன் சாவியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வீட்டுக் கதவு சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியே கைப்பிடி திருகினால் திறக்காது. சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் நள்ளிரவில் பூட்டுத் திறப்பவரை அழைக்க வேண்டும். இணையத்தில் முதலில் கண்ணில் படும் எண்ணை அழைத்து, ஐந்து நிமிட வேலைக்கு நூற்றுக்கணக்கான யூரோ கொடுத்தவர்கள் உண்டு. வீட்டுச் சொந்தக்காரரின் எண்ணை வைத்துக்கொண்டு முதலில் அவரை அழையுங்கள். இன்னொன்று: கீழே அழைப்பு மணிப் பலகையில் வீட்டு எண் இருக்காது, குடியிருப்பவரின் குடும்பப் பெயர்தான் இருக்கும். நீங்கள் தங்கும் வீட்டின் மணியில் என்ன பெயர் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அத்தனை பெயர்களுக்கு நடுவே நின்று திகைக்க வேண்டியிருக்காது.

6. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு வளர்ந்த நாட்டில் கார்டு வாங்காத கடையா என்று தோன்றும். ஆனால் பெர்லினில் பல பார்களிலும் சிறு உணவுக்கடைகளிலும் கிளப் வாசல்களிலும் இன்றும் ரொக்கம்தான். கிளப் நுழைவுக் கட்டணம் பொதுவாக 15 முதல் 25 யூரோ வரை ஆகும். பணத்தை வங்கிக் கட்டடத்தோடு இருக்கும் ஏ.டி.எம்.மில் எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் கட்டணம் அதிகம் பிடிக்கும். ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா என்று திரை கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். இரண்டு 50 சென்ட் நாணயங்களைத் தனியே வைத்திருங்கள். சில இடங்களில் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள்.

7. குடும்பத்தோடு போகிறவர்களின் முதல் இரவு நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் தொடங்கட்டும். ரைஷ்டாக் கட்டடத்தின் மேல் 1999-ல் நார்மன் ஃபாஸ்டர் அமைத்த கண்ணாடிக் குவிமாடத்துக்குள் சுருள் பாதையில் மேலேறிப் போகலாம். நள்ளிரவு வரை திறந்திருக்கும். கடைசி அனுமதி 9.45 மணி அளவில். கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், கையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் போனால் இரவு ஒன்பதரைக்குச் சூரியன் மறைவதை அங்கிருந்தே பார்க்கலாம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்போது ஊர் முழுக்க விளக்குகளாகத் தெரியும். குவிமாடத்தின் கீழே மக்களவை மண்டபம் இருக்கிறது. தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேல் மக்கள் நடக்கட்டும் என்று எண்ணிக் கட்டியது அது. அரசியலில் ஆர்வம் உள்ள பெரியவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும்.

அங்கிருந்து பிராண்டன்பர்க் வாயிலுக்கு ஐந்து நிமிட நடை. பகலில் சுற்றுலாக் கூட்டத்தில் முகம் காட்டாத அந்த வாயிலைப் பதினொரு மணிக்கு மேல் நிதானமாகப் பார்க்கலாம்.

8. இசை பிடித்தவர்கள் ஒரு மாலையைப் பில்ஹார்மோனிக்கு ஒதுக்குங்கள். ஹான்ஸ் ஷாரூன் வடிவமைத்து 1963-ல் திறந்த இந்த அரங்கில் இசைக்குழு நடுவில் அமர்ந்திருக்கும், கேட்பவர்கள் சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகளில் இருப்பார்கள். எங்கே உட்கார்ந்தாலும் தெளிவாகக் கேட்கும் என்பதால் விலை குறைந்த இருக்கையே போதும். மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் பழகாதவர்களும் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும்: நம் கச்சேரிகளைப் போல நடுவில் கைதட்டக் கூடாது. ஒரு படைப்பில் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும், இடையில் அமைதி வரும். நடத்துநர் கையைக் கீழே இறக்கிப் பார்வையாளர் பக்கம் திரும்பிய பிறகே தட்டுங்கள். கைப்பேசியை முழுவதும் அணைத்துவிடுங்கள்.

பெர்லினில் மூன்று ஓபரா நிறுவனங்கள் உண்டு. விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகள் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் அரங்க வாசலில் கிடைக்கும். மாணவர்களுக்குச் சலுகை விலையும் உண்டு. மொழி தடையாக இருக்கும் என்று தயங்குபவர்கள் ஃபிரிட்ரிஷ்ஷ்டட்-பலாஸ்ட் அரங்கின் பிரம்மாண்ட மேடைக் காட்சிக்குப் போகலாம். ஆட்டமும் ஒளியும் சாகசமும்தான் அதில் முதன்மை. ஜெர்மன் தெரியாதது குறையாகத் தோன்றாது.

9. கோடையில் பூங்காக்களுக்குள் திறந்தவெளி சினிமா நடக்கும். டிக்கெட் வாங்கும் முன் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஓ.வி. என்றால் படம் அதன் மூல மொழியில் ஓடும். ஓ.எம்.யூ. என்றால் மூல மொழியோடு ஜெர்மன் துணையெழுத்து. ஓ.எம்.இ.யூ. என்றால் ஆங்கிலத் துணையெழுத்து. ஒன்றும் போடவில்லை என்றால் பெரும்பாலும் ஜெர்மனில் குரல் மாற்றியிருப்பார்கள். கையில் ஒரு சால்வை இருக்கட்டும், ஜூலையிலும் பத்து மணிக்கு மேல் குளிரும்.

10. ஆகஸ்ட் கடைசியில் போக முடிந்தால் அருங்காட்சியகங்களின் நீண்ட இரவைத் தவறவிடாதீர்கள். ஒரே டிக்கெட்டில் பல அருங்காட்சியகங்களை நள்ளிரவு தாண்டியும் பார்க்கலாம். இன்று ஐரோப்பாவின் பல நகரங்களில் நடக்கும் இந்த வழக்கம் 1997-ல் பெர்லினில்தான் பிறந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்து ஓடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

11. எந்தப் பகுதிக்குப் போவது? கிராய்ட்ஸ்பெர்க்கின் ஓரானியன்ஷ்ட்ராசே, நொய்க்கோல்னின் வேசர்ஷ்ட்ராசே இரண்டும் இளைஞர்கள் நிறைந்த பார் தெருக்கள். ஃபிரிட்ரிஷ்ஷைனில் வார்ஷாவர் ஷ்ட்ராசே நிலையத்தைச் சுற்றிச் சத்தமும் கூட்டமும் மிக அதிகம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அமைதியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் பிரென்ஸ்லாவர் பெர்க் போங்கள். நடுத்தர வயதினருக்கு நான் சொல்வது சார்லட்டன்பர்க்கின் சவின்யி சதுக்கம். நல்ல உணவகங்கள், புத்தகக் கடைகள், சிறிது தள்ளி 1992 முதல் நடக்கும் 'ஏ-டிரேன்' என்னும் சிறிய ஜாஸ் அரங்கம் என்று ஒரு மாலை நிறைவாகக் கழியும். பழைய பாணி ஜோடி நடனம் பார்க்க ஆசை என்றால் அகுஸ்ட்ஷ்ட்ராசேயில் 1913-ல் தொடங்கிய கிளேர்ஷென்ஸ் பால்ஹவுஸ் இருக்கிறது. எந்த நாளில் நடனம் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் மாறும்போது ஃபிரிட்ரிஷ்ஷ்ட்ராசே நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். சுவர் இருந்த காலத்தில் இரு பெர்லின்களுக்கும் நடுவே எல்லைக் கடவாக இருந்த நிலையம் இது. 1980-களில் போருக்குத் தப்பி கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய ஈழத்தமிழர்கள் பலர், இந்த நிலையத்தில்தான் எஸ்-பான் ஏறி மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்டார்கள். இன்று ஜெர்மனியில் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் கதை இந்த நடைமேடையைத் தொட்டுத்தான் போகிறது.

12. டெக்னோ கிளப்புக்குப் போக ஆசைப்படுபவர்கள், அது வெறும் கூத்தடிக்கும் இடம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுப் போங்கள். 1989-ல் சுவர் விழுந்ததும் கிழக்குப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த ஆலைகளிலும் நிலவறைகளிலும் இரு பக்கத்து இளைஞர்களும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடினார்கள். 1991-ல் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் பணப் பெட்டக அறையில் 'டிரெசோர்' தொடங்கியது. 2004-ல் கைவிடப்பட்ட மின் நிலையத்துக்குள் 'பெர்க்ஹைன்' வந்தது. பெர்லின் டெக்னோ 2024-ல் யுனெஸ்கோவின் ஜெர்மன் ஆணையத்தால் அந்த நாட்டின் மரபுக் கலாசாரப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டின் கடைசி இரவோடு, 2002 முதல் ஆற்றங்கரையில் இயங்கிய 'வாட்டர்கேட்' கிளப் மூடப்பட்டது. வாடகையும் செலவும் ஏறியதில் இப்படிப் பல இடங்கள் திணறுகின்றன. ஆகவே நுழைவுக் கட்டணம் கொடுக்கும்போது முகம் சுளிக்க வேண்டாம். ஒரு கலையைக் காப்பாற்றும் பணம் அது.

13. கிளப் வாசலில் நிற்கும்போது: இரண்டு மூன்று பேராகப் போங்கள், எட்டுப் பேர் கும்பலாக அல்ல. வரிசையில் சத்தம் போடாதீர்கள், குடித்துவிட்டு நிற்காதீர்கள். கோட்டு, சூட்டு, பளபளக்கும் உடை எதுவும் வேண்டாம். சாதாரணக் கறுப்பு உடையும் நடக்க வசதியான காலணியும் போதும். அன்று யார் இசைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள், பவுன்சர் கேட்கக்கூடும். பிறந்த தேதியோடு உள்ள அசல் அடையாள அட்டை கேட்பார்கள். கைப்பேசியில் இருக்கும் படத்தை ஏற்க மாட்டார்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. காரணம் சொல்லாமலே 'இன்று இல்லை' என்று திருப்பி அனுப்புவதும் வழக்கம். அப்போது வாதாடாதீர்கள். தோல் நிறத்தைப் பார்த்துத்தான் மறுத்தார்கள் என்று உறுதியாகத் தோன்றினால் இடத்தையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு பிறகு முறைப்படி புகார் செய்யுங்கள். பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் அங்கே உண்டு. மற்றபடி, தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பிப் போகும் வாசல் அது. அடுத்த தெருவில் இன்னொரு நல்ல இடம் இருக்கும்.

14. உள்ளே நுழையும்போது உங்கள் கைப்பேசிக் கேமராவின் மேல் ஒரு வில்லையை ஒட்டுவார்கள். அதைப் பிரிக்கவே கூடாது. படம் எடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தன் வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் தானாக இருக்க ஒரு இரவு கிடைக்காதா என்று வருபவர்கள் அங்கே பலர். ஓரினக் காதலர்கள் பலருக்கு அது பாதுகாப்பான இடம். அவர்கள் முகம் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வரக் கூடாது. பிறர் உடையையோ உடையின்மையையோ முறைத்துப் பார்ப்பதும் இதே குற்றம்தான். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் கிளப்புக்குப் போகாமல் இருப்பது நல்லது.

15. குளிர்கால மேலங்கியைக் கிளப்பிலும் அரங்கிலும் வாசலிலேயே ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனைப் படம் எடுத்துவைப்பது கிளப்பில் முடியாது. ஆகவே உள்பையில் பத்திரப்படுத்துங்கள். காதில் வைக்கும் அடைப்பான்களை மருந்துக்கடையில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒலியளவில் மூன்று மணி நேரம் நின்றால் இரண்டு நாள் காது இரையும்.

16. குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மது விற்கும் இடத்தில், அதே அளவிலான மிக மலிவான மதுவின் விலையைத் தாண்டாத ஒரு மது அல்லாத பானமாவது இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்லே' எங்கும் கிடைக்கும். 'க்ளூப்-மாட்டே' என்ற தேயிலை போன்ற இலைப் பானத்தில் காஃபின் உண்டு; விழித்திருக்க உதவும், இதயப் படபடப்பு உள்ளவர்கள் தவிர்க்கவும். கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான மதுவுக்குப் பதில் 'கிண்டர்புன்ஷ்' என்று கேளுங்கள், பிள்ளைகளும் குடிக்கலாம். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. உணவகத்தில் வெறுமனே தண்ணீர் கேட்டால் காற்றடைத்த பாட்டில் வரும், காசும் போடுவார்கள். காற்றில்லாதது வேண்டும் என்றால் 'ஷ்டில்' என்று சொல்லுங்கள். கோப்பையை உயர்த்தி வாழ்த்தும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பது அங்கே மரியாதை.

17. பில் வந்ததும் ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மேசையில் வைத்துவிட்டு வர வேண்டாம். 18 யூரோ 20 சென்ட் என்றால், பணம் கொடுக்கும்போதே '20' என்று சொல்லிவிடுங்கள்.

18. மூக்குக்கும் மூச்சுக்கும் ஒரு எச்சரிக்கை: தெருமுனையில் இருக்கும் சிறிய பழைய பார்கள் பலவற்றில் உள்ளேயே புகைக்க அனுமதி உண்டு; வாசலில் பலகை இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

19. நள்ளிரவுப் பசிக்குத் துருக்கி, அரபுக் கடைகள்தான் துணை. சைவர்கள் ஃபலாஃபெல் அல்லது ஹலூமி பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி கேளுங்கள். 'கெமூசே கெபாப்' என்ற பெயரில் காய்கறி என்ற சொல் இருந்தாலும் பெரும்பாலான கடைகளில் அதில் கோழி இருக்கும். இறைச்சி வேண்டாம் என்பதற்கு 'ஓனே ஃப்ளைஷ்' என்று சொல்ல வேண்டும். 1949-ல் ஹெர்ட்டா ஹொய்வர் என்ற பெண் பெர்லினில் உருவாக்கிய கறிவூர்ஸ்ட், நம் கறிப்பொடி தூவிய தொத்திறைச்சி. வழக்கமாகப் பன்றி இறைச்சிதான். சொன்னன்-அல்லே தெருவில் சிரியா, லெபனான் கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருக்கும். காரம் தேடும் நாக்குக்கு அங்கே ஆறுதல் உண்டு. பிஸ்கட், தண்ணீர், சிப்ஸ் மாதிரிச் சில்லறைத் தேவைக்குத் தெருவுக்குத் தெரு 'ஷ்பேட்டி' என்ற இரவுக் கடைகள் இருக்கின்றன. கிழக்கு ஜெர்மனியில் இரவு முறை வேலை முடிந்து வரும் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய வழக்கம் அது. கோடையில் அவற்றின் வாசல் பெஞ்சில் ஒரு பானத்தோடு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதே பெர்லின்காரர்கள் பலரின் இரவு உலா. எந்த வழிகாட்டிப் புத்தகத்தின் சிபாரிசைவிடவும் இதை நான் மேலாகச் சொல்வேன்.

20. பாதுகாப்பு. பெர்லின் இரவில் பெண்கள் தனியாக ரயிலில் வருவது சாதாரணக் காட்சி. ஆனாலும் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு: கோட்புசர் வாயில், வார்ஷாவர் பாலம், அலெக்சாண்டர் சதுக்கம், கோர்லிட்சர் பூங்கா. இரவில் எந்தப் பூங்காவையும் குறுக்கு வழியாக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தபடி ஆடிக்கொண்டே வந்து தோளில் கை போட்டால், அவர் கை உங்கள் சட்டைப்பைக்குள் போகிறது என்று பொருள், சட்டென்று விலகுங்கள். குடிக்கும் கோப்பையைக் கண்பார்வையை விட்டு அகல விடாதீர்கள். விட்டுப் போயிருந்தால் புதிதாக வாங்குங்கள். மயக்க மருந்து கலக்கும் குற்றங்கள் அங்கேயும் நடக்கின்றன. யாராவது தொந்தரவு செய்தால் பார் ஊழியரிடம் 'லூயிஸா இங்கே இருக்கிறாரா?' என்று கேளுங்கள். 2016-ல் மியூன்ஸ்டர் நகரில் தொடங்கி ஜெர்மனி முழுக்கப் பரவிய ரகசியக் குறிப்பு இது. இதில் சேர்ந்துள்ள இடங்களில் விளக்கம் கேட்காமல் உங்களைத் தனியிடத்துக்கு அழைத்துப் போய் டாக்ஸியில் ஏற்றிவிடுவார்கள். இதில் சேராத இடமென்றால் நேரடியாக உதவி கேளுங்கள். கிளப்புகள் பலவற்றில் இதற்கென்றே தனி ஊழியர்கள் உண்டு.

பெற்றோர் தம் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று. 2024 முதல் ஜெர்மனியில் கஞ்சாவுக்குச் சட்டம் தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் அதைச் சட்டப்படி வழங்கும் சங்கங்களில் அங்கே ஆறு மாதமாவது குடியிருப்பவர் மட்டுமே சேரலாம். சுற்றுலாப் பயணி தெருவில் யாரிடம் வாங்கினாலும் அது குற்றக் கும்பலின் சரக்கு. பைக்குள் ஒரு துகள் மிஞ்சியிருந்தாலும் இந்திய விமான நிலையத்தில் வாழ்க்கையே திசை மாறிவிடும். வாடகை இ-ஸ்கூட்டரிலும் கவனம் தேவை. மது அருந்திவிட்டு ஓட்டினால் காருக்கு உள்ள அதே சட்டம்தான், ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 என்ற அளவே எல்லை.

21. இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புகளில் அமைதி காக்க வேண்டும் என்பது விதி. மாடிப்படியில் பேச்சு, ஜன்னல் திறந்துவைத்துப் பாட்டு, பால்கனியில் வீடியோ அழைப்பு எல்லாம் அண்டை வீட்டாரைக் காவல்துறையை அழைக்க வைக்கும். சென்னையில் அப்போது அதிகாலை என்பதால் அம்மாவுடன் பேசும் ஆசை வரும்; உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். நாட்காட்டியையும் ஒரு முறை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்; மத்திய ரயில் நிலையத்து அங்காடி திறந்திருக்கும். புனித வெள்ளியன்று காலை 4 முதல் இரவு 9 வரை பொது நடனத்துக்குத் தடை. டிசம்பர் 31 இரவு தெருவெங்கும் கண்மண் தெரியாமல் வெடி வெடிப்பார்கள். நம் தீபாவளி பழகிய கண்ணுக்குக்கூட அது அச்சம் தரும். கைக்குழந்தையோடு இருப்பவர்கள் அன்று வீட்டு ஜன்னலில் நின்று பார்ப்பதே நல்லது.

22. காலிப் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் எறியாதீர்கள். பெரும்பாலான பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 8 முதல் 25 சென்ட் வரை முன்பணம் உண்டு. அங்காடியில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக நேரம் இல்லை என்றால், தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தி வையுங்கள். ஓய்வூதியம் போதாத முதியவர்களும் ஏழைகளும் இரவெல்லாம் அவற்றைச் சேகரித்துத் திருப்பிக் கொடுத்துத்தான் அன்றைய செலவைப் பார்க்கிறார்கள். தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவும் நிலையை அவர்களுக்கு நாம் ஏற்படுத்தக் கூடாது.

23. கிளம்பும் முன் மூன்று எண்களைக் கைப்பேசியில் சேமியுங்கள். காவல்துறைக்கு 110. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112. உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல், வாந்தி போன்றவற்றுக்கு இரவில் மருத்துவர் வேண்டுமானால் 116117. மருந்து மட்டும் தேவை என்றால் அருகில் உள்ள எந்த மருந்துக்கடைக்கும் போங்கள். மூடியிருந்தாலும் அன்று இரவு திறந்திருக்கும் கடையின் முகவரி அதன் கதவில் ஒட்டியிருக்கும்.